மைனரின் கியர் பொக்சுக்கு எந்த ஒயில்?

ஒயில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒயில் வாங்க வருவதில்லை. எந்த ஒயில் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு, அதற்கு ஆமாம் போட ஓர் ஆள் தேடி வருகிறார்கள். ஆமாம் போடுவது எனக்குப் பிறவியிலேயே வராத பழக்கம். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை, அதே இடத்தில் நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகள் ஊகித்துக்கொள்வீர்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பல்கலைக்கழகக் கம்பஸ் மூடிக் கிடந்த ஏழு மாதம் அது. நான் இரண்டாம் வருடம், இரசாயனவியல். வீட்டில் இருந்தால் மஹய்யாவில் எங்கள் ஒழுங்கையிலுள்ள பதினாறு பிள்ளைகளுக்கு ஸ்கொலர்ஷிப் வகுப்பு எடுக்கவேண்டும் என்று அம்மா தீர்மானித்திருந்தார். பத்து வயதுப் பிள்ளையை விடிவதற்குமுன் எழுப்பி வினாத்தாளுக்கு முன்னால் உட்காரவைக்கும் அந்தப் பரீட்சையைப் பற்றி எனக்குப் பலமான கருத்துகள் உண்டு. எல்லாவற்றையும் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா கரும்பலகை பார்க்கப் போய்விட்டார். அதனால்தான், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஜிப்ரி நானாவின் கடைக் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்ததைக் கண்டதும் ஓடுகிற பஸ்ஸில் மணியடித்து இறங்கினேன்.

கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் பழைய இங்கிலீசுக் கார்களைத் திருத்துகிற கராஜ்கள் இருந்தன. அதனால் வேறெங்கும் கிடைக்காத ஒயிலும் கிரீசும் எங்களிடம் கிடைக்கும். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். கெமிஸ்ட்ரி என்றதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “பிழையான ஒயில் ஒண்டு உன் வாயால பெய்த்தா, அண்டையோட வேல முடிஞ்சி. அழுது காட்டப்படாது, வாதாடவும் படாது.” பெய்த்தா என்றால் அவர் பேச்சில் போனால். கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் வாதாடிவிட்டு ஒப்புக்கொண்டேன். ஆக, ஒரு பிழை விட்டால் கரும்பலகை. கடையில் நின்ற காலம் முழுவதும் இதுதான் என் நிலைமை. இதை வாடிக்கையாளர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

பன்னிரண்டு அடித் தொலைபேசி

முதல் கிழமை வந்தவர்களெல்லாம் என் தலைக்கு மேலாகப் பார்த்தார்கள். நான் ஒன்றும் குள்ளம் இல்லை. எனக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அக்குறணையிலிருந்து வந்த ஒருவர், தன் பழைய ஒஸ்டினின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தவர், “கடையில ஆக்கள் ஒத்தரும் இல்லயா?” என்று என்னிடமே கேட்டார். நான் ஆள்தான் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. இருந்தாலும் விடவில்லை நான். எந்த வருடத்துக் கார், பிரித்து எவ்வளவு நாள், புகை நீலமா கறுப்பா என்று மூன்று கேள்வி கேட்டேன். டின்னில் கெட்டித்தன்மைக்கு இருபதுக்கு ஐம்பது என்று போட்ட ஒயில்தான் வேண்டும், அதிலும் துத்தநாகம் குறைக்காததாகப் பார்த்து எடுக்கவேண்டும், இந்தக் காலத்துக் கார்களுக்குச் செய்கிற ஒயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள், உங்கள் எஞ்சினின் கேம் தண்டு தேயாமல் இருப்பதே அந்தத் துத்தநாகத்தால்தான் என்று விளக்கினேன்.

மரியாதையாகக் கேட்டார். பிறகு போனை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்தினார். கடையின் பின்பக்கத்தில், பில்டர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நானாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. நானா முன்னால் வரவில்லை. பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றபடியே போனில் அதே மூன்று கேள்விகளைக் கேட்டு, அதே ஒயிலைச் சொன்னார். இரண்டு குரலும் எனக்கு நேரிலும் கேட்டது, போனிலும் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று கடையில் தீப்பெட்டி இல்லாதது நல்லது. அக்குறணைக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு சமாதானமாகச் சொன்னார்: “நீங்க சென்னதும் அதுதான் புள்ள. ஆனா நானா சென்னாத்தான் எஞ்சினுக்குக் கேக்கும்.”

நாலு சொட்டு

என் வார்த்தையை முதலில் நம்பியவர் மருதை அண்ணன். எங்கள் மஹய்யாவ ஆள். எங்கள் வீட்டுக்கும் மேலே, ஏற்றத்தின் உச்சியில் குடியிருப்பவர். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பால்தேநீர் நிறம், உள்ளே சிவப்புச் சீட். கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுவார். முகூர்த்த மாதங்களில் அந்தக் காரில் ஏறாத மணப்பெண் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தக் கார்தான் அந்த வீட்டின் சோறு.

அந்த மைனர் சில மாதங்களாக ஏற்றத்தில் மிதித்தால் உடனே எழும்பாமல், யோசித்து யோசித்துக் கறுப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் எழும்பியது. பிளக் மாற்றினார், பொயின்ட் மாற்றினார், டாங்கியைக் கழுவினார். நான் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கார்புரேட்டருக்கு மேலே ஒரு சின்னத் திருகு மூடி இருக்கும். உள்ளே ஒரு தண்டு மேலும் கீழும் போகும். அதற்குச் சில சொட்டு மெல்லிய ஒயில் போதும். யாரோ புண்ணியவான் அதில் கெட்டியான கியர் ஒயிலை ஊற்றி வைத்திருந்தான். தேனில் விழுந்த எறும்புபோலத் தண்டு தவித்துக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு மெல்லிய ஒயிலை விட்டோம். அடுத்த நாள் மருதை அண்ணன் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க அடிக்க, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நாலு சொட்டு தங்கச்சி. நாப்பது பேருகிட்ட வைத்தியம் கேட்டேன், ஒருத்தனும் சொட்டப் பத்திப் பேசல.”

மருமகன் கொண்டுவந்த முன்னேற்றம்

கட்டுகஸ்தோட்டையிலேயே வீடு கட்டிக் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஒரு கறுப்பு ஹில்மன் கார் வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அதைத் துடைப்பார், வெள்ளி பின்னேரம் அதில் மரக்கறி வாங்கப் போவார். அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். மாமாவுக்கு நன்மை செய்யவேண்டும் என்ற ஆவேசத்தோடு கடைக்கு வந்து, முழுச் செயற்கை ஒயில், ஐந்துக்கு முப்பது, நாலு லீட்டர் கேட்டார். தரமாட்டேன் என்றேன்.

தரமாட்டேன் என்று ஒரு கடைக்காரி சொல்வதை அவர் எந்த நாட்டிலும் கேட்டதில்லையாம். போனைத் திறந்து ஒரு காணொளியைக் காட்டினார். நான் அந்தக் காலத்து எஞ்சினின் பின்பக்கத்தைப் பற்றிப் பேசினேன். இன்றைய கார்களில்போல அங்கே ஒயிலைத் தடுக்க நல்ல றப்பர் சீல் கிடையாது. கயிறு மாதிரி ஒரு திரி, அல்லது வெறும் திருகு மரை. கெட்டி ஒயிலே அதைத் தாண்டிச் சொட்டும். தண்ணிமாதிரி ஒயிலுக்கு அது திறந்த கதவு. அவர் சிரித்துவிட்டு, “அக்கா, உங்கட ஸ்டொக்கில இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ” என்றார். அலுமாரியில் எனக்குப் பின்னாலேயே நாலு டின் இருந்தது. அவர் வேறு கடைக்குப் போனார். வந்த வியாபாரத்தை நான் துரத்திவிட்டதாக நானா அன்று முழுக்க முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் பெரியவர் நடந்து வந்தார். இருபதுக்கு ஐம்பது ஒயில் கேட்டார். கொஞ்ச நேரம் டின்னைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துச் சொன்னார்: “மருமகன் வாங்கினதும் நல்ல ஒயில்தான் பிள்ளை. எஞ்சினுக்குள்ள மட்டும் நிக்கமாட்டன் எண்டிட்டுது.”

கெமிஸ்ட்ரியும் பேய் வைத்தியமும்

இது என் மானம் போன கதை, ஆனாலும் எழுதுகிறேன். பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள அய்யா வந்தார். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்; என்னை மட்டும் சிங்களத்தில் நங்கி, அதாவது தங்கை, என்பார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சோறு இல்லை, பிரேக் சிலிண்டர். அதன் றப்பர் வளையங்கள் பணியாரம்போல உப்பிக் கிடந்தன. யாரோ சாதாரணக் கிரீஸ் பூசியிருக்கிறார்கள். பெற்றோலிய எண்ணெய் பட்டால் பழைய றப்பர் குடித்து வீங்கிவிடும். இதுவரை நாங்கள் இருவரும் ஒரே கட்சி. புது வளையங்களுக்குப் பூச என்ன வேண்டும் என்றேன். விளக்கெண்ணெய் என்றார்.

எனக்குள் இருந்த பல்கலைக்கழகம் எழுந்து நின்றது. இது ஆயுர்வேதக் கடை இல்லை என்றேன். வயிற்றுக்குக் குடிக்கிறதைப் பிரேக்குக்குப் பூசினால் கடுகண்ணாவை இறக்கத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். மூலக்கூறு, முனைவுத்தன்மை என்றெல்லாம் ஒரு கால் மணித்தியாலம். பிறகு வெற்றிகரமாக, இதற்கென்றே செய்யப்பட்ட சிவப்பு றப்பர் கிரீஸ் டின்னொன்றை எடுத்து வைத்தேன். அய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டின்னின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததை வாசித்தார். சிரிக்காமல் டின்னை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே நகத்தை வைத்தார். அந்தக் கிரீசே விளக்கெண்ணெயில் செய்ததுதான். “நான் கேட்டது அது தானே நங்கி. டின்ல போட்டு நீங்க தந்தா கெமிஸ்ட்ரி, நான் கேட்டா பேய் வைத்தியம்.”

கறுப்புக் குற்றச்சாட்டு

ஒரு டீச்சர் கோபமாக வந்தார். தன் அங்லியாக் காருக்கு நான் பழைய ஒயிலை விற்றுவிட்டதாகச் சொன்னார். ஊற்றி இரண்டு கிழமைதான், கரிபோலக் கறுத்துவிட்டதாம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் தொட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தார். பின்பக்கத்தில் நானாவின் அடுக்கும் சத்தம் நின்றது. என் கண்ணுக்கு முன்னால் கரும்பலகை தெரிந்தது.

இதுவரை என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். கழுவும் மருந்து கலக்காத, பழைய மாதிரி ஒயில். எத்தனை வருடம் ஊற்றினாலும் பொன்னிறமாகவே இருக்குமாம். நான் கொடுத்தது அழுக்கைக் கழுவுகிற ஒயில். உடுப்புத் தோய்த்த தண்ணீர் கறுத்தால் சவர்க்காரத்தையா குற்றம் சொல்வீர்கள் டீச்சர், பொன்னிறமாக இருந்த காலமெல்லாம் அழுக்கு உள்ளேயே அல்லவா இருந்தது என்று கேட்டேன். ஒட்டியிருந்தது கழன்று வரும், ஆகவே இந்தத் தடவை சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னேன். பின்பக்கத்தில் மறுபடி பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் கைக்குட்டையை நாலாக மடித்தார். அவருடைய கோபம் போய் வேறொரு கவலை வந்திருந்தது. “அப்ப இத்தன வருசமா என் எஞ்சின் குளிக்காமலா ஓடுச்சு?”

ஓடாத காரின் நிம்மதி

அக்குறணைச் சந்தியில் பழைய தளபாடக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், வாசலில் அழகுக்காக ஒரு சின்ன பச்சை நிறக் கார் நிறுத்தியிருந்தார். வருடத்தில் ஒருநாள், பெருநாளுக்கு மறுநாள், பிள்ளைகளை ஏற்றி மாத்தளைப் பக்கமாக ஒரு சுற்று. ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தவரிடம், அதற்கு ஒயில் மாற்றி எவ்வளவு காலம் என்றேன். வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றார். ஓடாத காருக்குத்தான் இன்னும் அவசரம், நிற்கிற எஞ்சினில் ஈரம் சேரும், அமிலம் பிறக்கும், பேரிங்கைத் தின்னும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மழை பெய்துகொண்டிருந்தது, கடையில் அவரும் நானும்தான், அவருக்குப் போக வழியில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, மழை குறைந்ததும் குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: “ஓடாத கார், மாத்தாத ஒயில், ரெண்டும் இத்தின வருஷம் சண்ட பிடிக்காம ஈக்கி மகள். நீங்க எதுக்கு நடுவுல போறீங்க?”

(மழை நாட்களில் மகாவலியின் மண்வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து கடைக்குள் வரும். இன்றைக்கும் ஆய்வுகூடத்தில் ஏதாவது ஒரு போத்தலைத் திறக்கும்போது அது திடீரென்று வந்து போகிறது. பக்கத்தில் நிற்கிற தோழிகளுக்கு அது நாற்றம். எனக்கு ஒரு கணம் மழையும் குடையும் ஹாஜியாரும்.)

நான் வென்ற வாதம்

ஆறாவது மாதம் ஒரு புதன்கிழமை. நானா மத்தியானத் தொழுகைக்கு, லுஹர் தொழப் போயிருந்தார். மருதை அண்ணன் வந்து, மைனரின் கியர் பொக்ஸ் ஒயிலை இறக்கிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியப் பக்கம் மேலே ஒரு கல்யாணம் இருப்பதாகவும், அதற்கு முன் புதுசு ஊற்றவேண்டும் என்றும் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டித் தொண்ணூறு கியர் ஒயிலை எடுத்து வைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். “இதுக்கு முந்தி வச்சிருந்தவரு எஞ்சின் ஒயிலத்தான் ஊத்துவாரு தங்கச்சி. முப்பது.”

எஞ்சின் ஒயில் எஞ்சினுக்கு, கியர் ஒயில் கியருக்கு என்றேன். அந்தக் காலத்தில் தட்டுப்பாட்டில் கிடைத்ததை ஊற்றியிருப்பார், அதையே சட்டமாக்கக்கூடாது என்றேன். பல்லும் பல்லும் உரசும்போது என்ன அழுத்தம் வரும், அதைத் தாங்க ஒயிலில் என்ன கலக்கிறார்கள் என்று ஒரு கடதாசியில் படம் வரைந்தேன். ஒழுங்கையிலிருந்து வந்த இரண்டு கராஜ் மெக்கானிக் பாஸ்மார் பிளேன்டீ கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர் தலையாட்டினார். எனக்கு இன்னும் உற்சாகம். இருபது நிமிடம். அவ்வளவு அழகாக நான் அதற்குப் பிறகு ஒரு செமினாரிலும் பேசியதில்லை. மருதை அண்ணன் டின்னைக் கையில் எடுத்தார். “சரி தங்கச்சி. நீ இம்புட்டுப் பேசினா கியர் பொக்சே நம்பிரும்.”

மேலே ஏறிப்போன கதை

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை நேரம். கடையில் நான் தனி. யாரோ ஒருவர் மைனரின் பின் அச்சுக்கு என்ன ஒயில் என்று போனில் கேட்டார். தெரியும்; இருந்தாலும் உறுதி செய்ய, நானா இழுப்பறையில் வைத்திருந்த அந்தக் காரின் கையேட்டுப் பிரதியை எடுத்தேன். அட்டவணையில் பின் அச்சுக்குத் தொண்ணூறு. அதற்கு மேல் வரியில் எஞ்சினும் கியர் பொக்சும் ஒன்றாக, ஒரே அடைப்புக்குள், ஒரே ஒயில். முப்பது. மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் அதேதான் இருந்தது. நான் கொடுத்த டின்னில் இருப்பது பின் அச்சுக்கான கந்தக மருந்து. மைனரின் கியர் பொக்சுக்குள் இருப்பது வெண்கல வளையங்கள்; வெண்கலம் என்றால் பெரும்பாலும் செம்பு. கந்தகம் செம்பைச் சும்மா விடாது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான்.

உடனே ஒன்றும் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் இதிலுள்ள துன்பம். மெதுவாகத் தின்னும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒருநாள் மணப்பெண்ணோடு ஏற்றத்தில் கியர் விழ மறுக்கும். அப்போது நான் கம்பஸில் இருப்பேன். என் டின்னை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு வீட்டின் சோறு போகும். பின்னேரம் கடை மூடும்வரை எனக்குள்ளேயே வாதாடினேன்; என் பக்கம் நல்ல நல்ல நியாயங்கள் இருந்தன; தோற்றேன். முப்பது ஒயில் டின்னொன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, மஹய்யாவில் எங்கள் வீட்டைத் தாண்டி மேலே ஏறினேன்.

மருதை அண்ணன் கல்யாணத்துக்காகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அண்ணே, புதன்கிழமை குடுத்த ஒயில் பிழை” என்றேன். அவர் துணியை நிறுத்தவில்லை. “தெரியும்” என்றார். வியாழக்கிழமை காலையிலேயே செக்கண்ட் கியர் மல்லுக்கு நின்றதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தும் ஏன் கடைக்கு வரவில்லை, தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள், இதென்ன பொறுப்பில்லாத்தனம் என்று, மன்னிப்புக் கேட்க வந்தவள், அவரைப் பிடித்துத் திட்டினேன். “வந்தா நானா ஒன்ன அனுப்பிருவாரே” என்றார். “ஞாயித்துக்கெழம கல்யாணத்த முடிச்சிட்டு வேற எங்கயாச்சும் போயி மாத்திக்கலாம்னு இருந்தேன்.” இருவருமாகக் காருக்குக் கீழே ஒரு பேசினை வைத்து ஒயிலை இறக்கினோம். பொன் தூள் ஏதும் மினுங்குகிறதா என்று டோர்ச் அடித்து, தலையோடு தலை முட்டப் பார்த்தோம். ஒன்றுமில்லை. முப்பதை ஊற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஒரு சுற்றுப் போனோம். செக்கண்ட் கியர் வெண்ணெயில் கத்திபோல விழுந்தது. நாளைக்கு நானாவிடமும் சொல்லிவிடுவேன் என்றேன். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்: “ஒன் வேலயக் காப்பாத்த நான் ரெண்டு நாளா அந்தக் கியரோட சண்ட போட்டேன். நீ நடந்து வந்து எல்லாத்தையும் கெடுத்துட்ட.”

நானாவின் தீர்ப்பு

சனிக்கிழமை காலை கடை திறந்தவுடன் சொன்னேன். “மருதை வந்து சென்னாரா?” என்று நானா கேட்டார். இல்லை, அவர் சொல்லமாட்டார், நான்தான் சொல்கிறேன் என்றேன். ஒயிலை மாற்றியாகிவிட்டது, கார் நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னேன். நானா ஓர் அலுமாரியிலிருந்த டின்களையெல்லாம் இறக்கி, துடைத்து, திரும்ப அதே இடத்தில் அடுக்கினார். எனக்காக நானே பஸ்ஸில் மூன்று நியாயங்கள் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். மூன்றாவது மிகவும் பலமானது. ஒன்றையும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய்திறக்காமல் தோற்ற ஒரே வழக்கு அது. நானா கடைசி டின்னை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உன்ன அனுப்பாட்டி என் சொல்லுக்கு மதிப்பில்ல. அனுப்பினா என் கடைக்கு மதிப்பில்ல. ஆனா சொல்லத்தான் நான் முதல்ல குடுத்தீக்கன். பெய்த்து வா புள்ள.”

பதினாறு பிள்ளைகளும் ஒரு டிப்ஸ்டிக்கும்

திங்கட்கிழமை கரும்பலகை வந்தது. பதினாறு பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட நன்றாக வாதாடுவாள். அது வேறு கதை. ஆனால் மருதை அண்ணன் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டிலும், தேநீர்க் கடையிலும், பெற்றோல் நிலைய வரிசையிலும், தன்னுடைய பிழையைச் சொல்ல மேலே ஏறி வந்த பிள்ளை என்று என் கதையைப் பரப்பிவிட்டார். நான் சரியாகச் சொன்ன நூறு ஒயிலுக்குக் கிடைக்காத மரியாதை பிழையாகச் சொன்ன அந்த ஒன்றுக்குக் கிடைத்தது எந்த விதத்தில் நியாயம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கம்பஸ் திறக்க இருந்த அந்தக் கடைசிக் கிழமைகளில், கழித்தல் கணக்குக்கு நடுவே வராந்தாவில் ஆட்கள் வந்து நின்றார்கள். போத்தலில் பழைய ஒயில், கடதாசியில் சுற்றிய பிளக், ஒயில் மட்டம் பார்க்கிற, துணியில் பொத்திய டிப்ஸ்டிக். அம்மா கதிரைகளுக்கெல்லாம் பழைய பத்திரிகை விரித்து வைத்தார்.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர், மாத்தளையிலிருந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பழைய பெஜோ கார், ஸ்டியரிங் பெட்டி ஒழுகுகிறது, கிரீசா ஒயிலா என்று கேட்டார். கட்டுகஸ்தோட்டைக் கடையைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள், அங்கே எல்லாம் இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “அங்கதாங்க போனேன். ஒயில் நம்மகிட்ட இருக்கு, எதுன்னு சொல்ற புள்ள மஹய்யாவ ஏத்தத்துல இருக்குன்னு நானாதான் பஸ் நம்பரும் சொல்லி அனுப்புனாரு.”

எந்தப் பல்லுக்கு எந்த ஒயில், எந்த மூட்டுக்கு எந்தக் கிரீஸ் என்று ஆறு மாதம் விற்றும், தன் பிழையைச் சொல்லப் போகிற வாய்க்கு விட ஒரு சொட்டுக்கூட அந்த அலுமாரிகளில் இருக்கவில்லை என்பதுதான் அந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே குறை.